மாப்பிள்ளை வாட்ச்

“நின்னு போச்சு மாமா” என்று சொல்லி, ராஜாக்கண்ணு கையிலிருந்த வாட்சைக் கழற்றிச் சோற்று இலைக்குப் பக்கத்தில் வைத்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த கோபால்சாமிக்கு வாய்க்குப் போன கவளம் பாதியில் நின்றது. கல்யாணமாகி முதல் தடவையாக மாப்பிள்ளை மலையேறி வந்திருக்கிறான். ஒடுகத்தூரிலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறி ஜமுனாமரத்தூரில் வந்து இறங்கி, கைகால் கழுவி, இப்போதுதான் கோழிக் குழம்பில் கை வைத்திருக்கிறான்.

“நிக்காதுங்களே” என்றார் கோபால்சாமி.

“நின்னுடுச்சுங்க. உங்க மூஞ்சிக்கு நேரா காட்டிட்டு வரச் சொன்னாங்க எங்கம்மா. அம்சவல்லியையும் கூட்டிட்டுப் போ, அவ அப்பன் குடுத்த சீரு இன்னா லட்சணத்துல இருக்குதுன்னு அவளும் பாக்கட்டும்னாங்க.”

பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது போல ஒப்பித்துவிட்டு, மாமியாரிடம் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான்.

கோபால்சாமி காட்டிலாகாவில் வாட்சர். சந்தன மரங்களுக்குக் காவல். இடது கையில் ஒரு வாட்ச், வலது கையில் ஒரு வாட்ச் கட்டியிருப்பார். இடது கையில் இருப்பது குணமானது, வலது கையில் இருப்பது வைத்தியத்தில் இருப்பது. யாராவது மணி கேட்டால் இடது கையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வலது கையையும் ஒரு பார்வை பார்த்து, “இவன் இன்னும் கொஞ்சம் பின்னாலதான் வர்றான்” என்பார். மலையில் அவருக்கு வாட்ச் வாட்சர் என்றுதான் பெயர்.

கணியம்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் போய்வந்தவர்கள் நிறைய. பர்மாவுக்கும் இத்தாலிக்கும் போய் வந்த வாட்சுகள் அவர்கள் டிரங்குப் பெட்டிகளில் மூச்சில்லாமல் கிடந்தன. கோபால்சாமி லீவு போட்டுவிட்டு இறங்கிப் போவார். பெரியவர் சொல்லும் சண்டைக் கதையைச் சாயங்காலம் வரை ‘உம்’ கொட்டிக் கேட்பார். அவர் எத்தனை ஜப்பான்காரனைச் சுட்டதாகச் சொன்னாலும் மறுத்துப் பேச மாட்டார். திரும்பும்போது சட்டைப் பையில் ஒரு செத்த வாட்ச் இருக்கும். அப்புறம் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, சாமணத்தால் ஒவ்வொரு சக்கரமாக எடுத்து, பெட்ரோலில் கழுவி, ஊசி முனையில் எண்ணெய் தொட்டு வைத்து, மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவார். உடைந்த சாமானுக்கு மெட்ராஸ் மூர் மார்க்கெட் வரைக்கும் போவார்.

“செத்த வாட்ச்னு ஒலகத்துல ஒண்ணு கெடையாது. மனுசன் கைவிட்ட வாட்ச்சுதான் இருக்குது” என்பது அவர் கட்சி.

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அம்சவல்லிக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளைக்கு ஒடுகத்தூரில் சொந்தமாகக் கடலை எண்ணெய் மில். தகப்பனார் இல்லை. மில், வீடு, மாப்பிள்ளை மூன்றும் தாயார் குப்பம்மாள் கையில். அந்தம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மாப்பிள்ளைக்குப் புதுசாக ஓர் எச்செம்டி வாட்ச்.

“புது வாட்ச்சு கடைக்குப் போனா யாரு வேணா வாங்கலாங்க. நான் குடுக்கிறது எங்க தேடுனாலும் கெடைக்காது” என்று சொல்லி, ரோமன் எழுத்து போட்ட ஒரு பழைய சுவிஸ் வாட்சைத் துடைத்து மெருகேற்றித் தாம்பாளத்தில் வைத்தார் கோபால்சாமி. கல்யாணப் பந்தலில் குப்பம்மாள் அதைச் செத்த எலியின் வாலைப் பிடிப்பது போல இரண்டு விரலால் தூக்கிச் சுற்றிலும் காட்டினாள். “எங்க சம்பந்தி காயலான் கடையில சீர் எடுத்திருக்காரு” என்றாள். சிரித்தவர்கள் எல்லோரையும் கோபால்சாமி நினைவில் வைத்திருந்தார்.

அந்த வாட்ச்தான் இப்போது இலைக்குப் பக்கத்தில் கிடந்தது.

சாப்பிட்ட கையோடு பின்மூடியைத் திறந்தார். உள்ளே சக்கரங்களின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நின்றது.

“இத்தக் கட்டிக்கிட்டுக் கெணத்துல குதிச்சீங்களா?”

“வாட்ச்சோட யாரு மாமா கெணத்துல குதிப்பாங்க? வேர்வையா இருக்கும்.”

“வேர்வையில பாசி இருக்குதுங்களே.”

ராஜாக்கண்ணு வாசலில் இருந்த பலாமரத்தை நிமிர்ந்து பார்த்து, “நல்ல காத்து” என்றான்.

கழுவிக் காயவைத்து ஓட்டிப் பார்க்க இரண்டு நாளாகும் என்றார் கோபால்சாமி. இரண்டு நாளும் மாப்பிள்ளை முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு மூன்று வேளையும் சாப்பிட்டான். சமையலறையில் தாயும் மகளும் பேசிய பேச்சு ஓயவே இல்லை.

“ஒரு புது எச்செம்டி வாங்கிக் குடுத்துத் தலைமுழுகுங்க. பொண்ணு அங்க பேச்சு வாங்குறா” என்றாள் மனைவி மங்கம்மாள்.

“வாங்கிக் குடுத்தா நான் தோத்துட்டேன்னு அர்த்தம்” என்றார் கோபால்சாமி.

ரோமன் எழுத்து வாட்சைத் தன் வாட்ச் பெட்டியில் வைத்துக்கொண்டு, பின்மூடி திருகாணி போல இறுகும் இன்னொரு வாட்சை எடுத்து மாப்பிள்ளை கையில் கட்டினார். “இதுக்குள்ள தண்ணி போவாது. மழையில நில்லுங்க, கெணத்துலயும் குதிங்க” என்றார்.

தண்ணீர் போகவில்லை. ஆனால் தென்னை ஓலையில் பச்சை மறைவதற்குள், பந்தக்கால் பிரித்த இடம் தூர்வதற்குள் மாப்பிள்ளையும் மகளும் திரும்ப வந்து நின்றார்கள். மெயின் ஸ்பிரிங் அறுந்திருந்தது.

“எவ்வளவு சாவி குடுத்தீங்க?”

“சாவி நிக்கிற வரைக்கும் குடுத்தேன்.”

“நின்னதுக்கப்புறம்?”

“அப்பறமும் குடுத்தேன்.”

“ஏங்க?”

“நல்லா ஓடட்டும்னுதான்.”

கோபால்சாமி எழுந்து வெளியே போய், யாரும் இல்லாத பக்கமாக நின்று கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டு வந்தார். மாப்பிள்ளையைத் திட்ட முடியாது. பெட்டியில் இருந்ததிலேயே தனக்குச் செல்லமான ஒன்றை எடுத்தார். ஆட்டோமேடிக். ஒரு சுபேதாரிடமிருந்து கிடைத்தது.

“இதுக்கு சாவியே வேணாம். நீங்க பாட்டுக்குக் கையை ஆட்டுங்க. அதுவா ஏறிக்கும்.”

அடுத்த தடவை ராஜாக்கண்ணு வந்து உட்கார்ந்ததும், “இது நிக்கலை மாமா” என்றான். கோபால்சாமிக்கு உச்சி குளிர்ந்தது. “ஓடுது. ஆனா இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அது நாளைக்குப் போய்டுது.”

திறந்து பார்த்தார். முடியைப் போன்ற மெல்லிய ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தன. காந்தம் ஏறியிருந்தது.

“எங்க கழட்டி வைக்கிறீங்க?”

“மில்லு மோட்டார் மேல.”

“மோட்டார்ல காந்தம் இருக்குதுங்க மாப்ள. அதுமேல வாட்ச்ச வைக்கலாமா?”

“வேற எங்க வச்சாலும் எண்ணெய் படும். எண்ணெய் பட்டா எங்கம்மா திட்டுவாங்க.”

இதற்குள் சங்கதி ஒடுகத்தூர் சந்தையில் பரவிவிட்டது. கடலை மூட்டை போட வந்தவர்கள், “மாப்ள, உங்க மாமனார் வாட்சுல இது எந்த மாசம்?” என்று கேட்க ஆரம்பித்தார்களாம். குப்பம்மாள் அதை ஒன்றுக்குப் பத்தாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். மலைக்கும் அந்தச் சிரிப்பு வந்து சேர்ந்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடை ரங்கன், கோபால்சாமியைப் பார்த்ததும் தன் வெறும் மணிக்கட்டைக் காதில் வைத்துக் கேட்பது போல நடித்துக் காட்டினான். கோபால்சாமி ஒரு வாரம் அந்தக் கடையில் டீ குடிக்கவில்லை.

அன்றைக்கு முதல் முறையாக அவருக்கே மனசு தளர்ந்தது. வாட்ச் பெட்டியைப் பார்த்துக்கொண்டே, “பேசாம புதுசா ஒண்ணு வாங்கிடலாமா மங்கா?” என்றார்.

மங்கம்மாள் முறைத்தாள். “எதுக்கு வாங்கணும்? உங்களுக்கு ரோசமில்லையா? இது போனா இன்னொண்ணு குடுங்க. பெட்டி நெறைய வச்சிருக்கீங்கல்ல.”

இத்தனை வருஷம் வாட்ச் பெட்டியைத் தூக்கி அடுப்பில் போடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் இவள். கடைசியில் இவளுக்காவது நம் அருமை புரிந்ததே என்று கோபால்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிஷத்திலேயே முடிவு செய்தார். இனிமேல் நிற்கவே முடியாத ஒரு வாட்ச்.

அது அவர் இடது கையிலேயே இருந்தது. கறுப்பு முகம், வெள்ளை எழுத்து. பட்டாளத்து வாட்ச். கணியம்பாடிப் பக்கத்து ஆதிநாராயணன் என்ற ஹவில்தார் கொடுத்தது. “பாலைவனத்துல டாங்கிக்கு அடியில போய் எழுந்து வந்ததுய்யா இது” என்று சொல்லித்தான் கொடுத்தார். அதை யாருக்கும் தருவதில்லை என்று கோபால்சாமி முடிவு செய்து பல வருஷமாகிறது. இப்போது கழற்றினார். உள்ளே இயந்திரத்தைச் சுற்றி ஏற்கெனவே ஓர் இரும்புக் கூடு உண்டு. காந்தம் ஒன்றும் செய்யாது. ஆட்டோமேடிக் வாட்ச் ஒன்றிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்து இதற்குள் பொருத்தினார். இனி எவ்வளவு முறுக்கினாலும் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர அறுந்து போகாது. மூடிக்குப் புது ரப்பர் வளையம் போட்டார். கண்ணாடியைத் தடிப்பாக மாற்றினார். கடைசியில் மூடியை முறுக்கிவிட்டு, அதைத் திறக்கிற சாவியைத் தன் அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

வேலை முடிந்த வாரத்தில் குப்பம்மாள் நேரிலேயே புறப்பட்டு வந்துவிட்டாள். மகன், மருமகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு.

மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தவள், பஸ்ஸை விட்டு இறங்கும்போது எலுமிச்சம்பழம் ஒன்றை முகர்ந்தபடி இறங்கினாள். வீட்டுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு ரங்கன் டீக்கடை பெஞ்சிலேயே உட்கார்ந்தாள். சேதி கேட்டுக் கோபால்சாமியும் மங்கம்மாளும் ஓடி வந்தார்கள். தேன் விற்க வந்தவர்கள், சாமை மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டார்கள்.

“அண்ணா, நான் சண்டைக்கு வரல” என்று குப்பம்மாள் ஆரம்பித்தாள். “எம்புள்ளை சந்தையில தலை காட்ட முடியல. வாட்ச்சு கட்டிக்கிட்டுப் போறவன் எதிர்ல வர்றவன்கிட்ட மணி கேக்குறான். ஒண்ணு புது வாட்ச் வாங்கிக் குடுங்க. இல்லாங்காட்டி எங்கிட்ட முடியலன்னு இந்த ஜனங்க முன்னால ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நானே வாங்கிக்கிறேன்.”

“முடியலன்னு நான் எதுக்கு சொல்லணும்?” என்றார் கோபால்சாமி. “மூணு வாட்ச்சும் நல்லா இருந்துச்சு. கட்டுன கைதான் சரியில்ல. இருந்தாலும் பரவாயில்ல. ரங்கா, ஒரு பக்கெட் தண்ணி கொண்டாடா.”

ரங்கன் டம்ளர் கழுவுகிற பக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தான். கோபால்சாமி கறுப்பு வாட்சை எல்லோருக்கும் காட்டிவிட்டு அதற்குள் போட்டார். கூட்டம் எட்டிப் பார்த்தது. வாட்ச் அடியில் கிடந்து ஓடியது. எடுத்தார். ரங்கன் ஆணி பொறுக்க வைத்திருந்த பழைய ஸ்பீக்கர் காந்தத்தின் மேல் ஒட்ட வைத்தார். ஓடியது. சாவியைப் பிடித்து, பெஞ்சில் இருந்தவர்கள் பல்லைக் கடிக்கிற வரைக்கும் முறுக்கினார். அது பாட்டுக்கு ஓடியது. அதோடு விட்டிருக்கலாம். கை வேகத்தில் எதிரே இருந்த புளியமரத்தின் மேல் ஓங்கி வீசினார். மங்கம்மாள் தலையில் கை வைத்தாள். மரத்தில் பட்டை பெயர்ந்தது. சாமை மூட்டைக்காரர் ஒருவர் ஓடிப்போய் எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, “பேசுதுப்பா” என்றார்.

கூட்டத்தில் சந்தோஷ முணுமுணுப்பு கிளம்பியது. வாட்ச் கை மாறிக் கை மாறிக் குப்பம்மாளிடம் வந்தது. அவளும் காதில் வைத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள். நிற்கும் என்று காத்திருந்தவள் போலத்தான் இருந்தது.

“ஓடுதுதான்” என்றாள் கடைசியில். “ஆனா எத்தினி நாளைக்கு?”

அந்த இடத்தில்தான் கோபால்சாமிக்கு ஆவேசம் வந்தது. மூன்று தோல்வி, சந்தைச் சிரிப்பு, செத்த எலி எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தன.

“தங்கச்சி, எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த வாட்ச்சு நின்னுச்சின்னா, எங்க வூட்ல இருக்கிற பெட்டியை அப்படியே தூக்கிட்டுப் போய் பீமன் அருவியில கொட்டிடறேன். ஒண்ணு மிச்சம் வைக்கமாட்டேன். புது வாட்ச் வாங்கிக்கிட்டு நானே ஒடுகத்தூர் வந்து மாப்ள கையில கட்டி வுடறேன். அதுக்கப்புறம் இந்தக் கையில வாட்ச்சே கட்டமாட்டேன்.”

ரங்கன் பாலை அடுப்பிலிருந்து இறக்க மறந்து நின்றான். அந்தப் பெட்டி கோபால்சாமிக்கு எப்படிப்பட்டது என்பது மலைக்கே தெரியும்.

“நிக்கலன்னா?” என்றாள் குப்பம்மாள்.

“நிக்கலன்னா நீங்க சந்தையில நின்னு உங்க வாயால சொல்லணும். எங்க சம்பந்தி குடுத்த வாட்ச்சு மாதிரி எவன்கிட்டயும் இல்லன்னு.”

“சொல்றேன். எனக்கின்னா. ஆனா இனிமே இவன் கையில வுடறதா இல்ல. காலையில எழுந்ததும் நானே சாவி குடுத்து, நானே இவனுக்குக் கட்டி வுடறேன். ராத்திரி நானே கழட்டி என் பீரோவுல வைக்கிறேன். அப்பறம் இன்னொண்ணு. வாட்ச்சு ஓடுதுன்னா இவங்க ரெண்டு பேருக்கும் சும்மா சும்மா இந்த மலைக்கு வர்ற வேலை இல்ல. பஸ்ஸா அது. கொடலே வெளிய வந்துடுச்சு. வருசத்துக்கு ஒரு தபா பொங்கலுக்கு வந்தா போதும்.”

“வரவே வேணாம்” என்றார் கோபால்சாமி கம்பீரமாக. “எதுக்கு வரணும்? ரிப்பேருக்குத்தானே வந்தாங்க. இனிமே ரிப்பேரே கெடையாது.”

மங்கம்மாள் அவரைப் பார்த்த பார்வையை அவர் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை கையில் கறுப்பு வாட்சை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். ராஜாக்கண்ணு முகத்தில் ஈயாடவில்லை. வெல்லம் தின்னக் கொடுத்தால் வேப்பங்காய் தின்றவன் போல நின்றான். வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பின்மூடியை நகத்தால் நெம்பிப் பார்த்தான். புளியமரத்தில் பெயர்ந்திருந்த பட்டையைப் பார்த்தான்.

தோற்றவன் முகம் அப்படித்தான் இருக்கும் என்று கோபால்சாமி நினைத்துக்கொண்டார். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

“கவலைப்படாதீங்க மாப்ள. இது உங்க பேரன் காலத்துக்கும் ஓடும்” என்று தோளில் தட்டினார்.

பஸ் ஹாரன் அடித்தது. குப்பம்மாள் புது எலுமிச்சம்பழம் ஒன்று வாங்கிக்கொண்டு முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். ராஜாக்கண்ணு பின்னால் ஏறினான். அம்சவல்லி தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று, கடைசியாக ஏறினாள். கூட்டம் கலையவில்லை. ரங்கன் தானாகவே ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் கோபால்சாமியிடம் கொடுத்தான். கோபால்சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜெயித்துவிட்டு வந்த பட்டாளத்துக்காரன் போல நின்று அதைக் குடித்தார். ஆதிநாராயணன் இங்கே இல்லாமல் போனாரே என்று இருந்தது. இந்தக் கதையை அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும். இந்தத் தடவை அவர் ‘உம்’ கொட்டட்டும்.

பஸ் நகர்ந்து, நின்றது. பின்வாசல் வழியாக அம்சவல்லி இறங்கி ஓடி வந்தாள். அம்மா கொடுத்த புளிமூட்டையை மறந்துவிட்டதாகக் கண்டக்டரிடம் சொன்னாள் போலிருக்கிறது. ஆனால் மூட்டைப் பக்கம் போகவில்லை. நேராகத் தகப்பனிடம் வந்தாள். பெண் நம்மைப் பாராட்டிவிட்டுப் போக வந்திருக்கிறாள் என்று கோபால்சாமி டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

அம்சவல்லி முன்சீட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, அவர் காதோரமாகக் குனிந்து சொன்னாள்:

“அப்பா, உன்கிட்ட ரகசியமா கேட்டுட்டு வரச் சொன்னாரு அவரு: இது நிக்கலன்னா எங்க மாமியாரு எங்கள மலைக்கே அனுப்பாது, இத்த எப்படி நிறுத்துறதாம்?”